தந்தையார் கட்டிய கம்பி

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு முதலில் தொலைவது எது என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வர். ஆற்று நீரின் சுவை என்பார் ஒருவர். கோயில் மணி என்பார் மற்றொருவர். எங்கள் தந்தையாரைக் கேட்டிருந்தால், தயங்காமல் ‘குரல்’ என்றே சொல்லியிருப்பார். 1956-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, டிராம்பேயில் எழுந்துகொண்டிருந்த கட்டடங்களில் கல்லும் மண்ணும் சுமந்து, மான்குர்த்தில் ஒரு தகரக் கூரையின் கீழ்க் குடியேறியவர் அவர். பகலெல்லாம் மராட்டியும் இந்தியும் காதில் விழும். இரவில் ஒரு மணி நேரமாவது தமிழ் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உறக்கம் வாராது என்பார்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் பட்ட பாட்டையும், அப்பாட்டிலிருந்து நாங்கள் கற்ற பாடம் பிற்காலத்தில் ஒரு நெடும்பயணத்தில் எங்களுக்கு எவ்வாறு துணை நின்றது என்பதையும் இங்கே எழுத முனைகின்றோம். நாங்கள் என்பது ஒருதாய் மக்களாகிய அண்ணன் தம்பி இருவர். மான்குர்த்திலேயே பிறந்தோம், மான்குர்த்திலேயே வளர்ந்தோம்.

அந்நாளைய மான்குர்த்தை இன்றைய இளைஞர்கள் கண்டிருக்க மாட்டார்கள். துறைமுக ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடும். வாஷிக்குக் கடற்கழியின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது 1992-இல்தான். ஒருபுறம் உப்பளம், ஒருபுறம் சதுப்பு, வடக்கே தேவ்னார்க் குப்பை மேடு, தெற்கே டிராம்பே மலை. தலைக்கு மேலே மின்னாலையிலிருந்து நகருக்குச் செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகள். மழைக்காலத்து ஈரக் காற்றில் அக்கம்பிகள் ‘உஸ்’ என்று ஓயாது சீறும். அச்சீற்றம் காதோடு நில்லாது, வானொலிப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும்.

வானொலி கேட்பதற்கு இதனினும் பொல்லாத இடம் வேறில்லை என்றே சொல்லலாம். அத்தனைக்கும் மேலாக எங்கள் வீட்டின் கூரை தகரம். மூன்று பக்கச் சுவரும் தகரம். உலோகப் பெட்டிக்குள் வானொலியை வைத்து மூடினால் அலைகள் உள்ளே எவ்வாறு நுழையும்? எங்கள் வீடே அத்தகைய பெட்டியாக இருந்தது. இவ்வுண்மையைத் தந்தையார் எந்த நூலிலும் படித்தவரல்லர். பெட்டியைக் கையில் ஏந்தி வாசலுக்கு வந்தால் குரல் தெளிகின்றது, உள்ளே போனால் மங்குகின்றது என்று கண்டு, தாமே முடிவுக்கு வந்தார். ‘குத்தம் பெட்டியில இல்லடா, வீட்டுல’ என்பார்.

சோர் பஜாரில் பழைய மர்ஃபி வானொலி ஒன்றை அவர் வாங்கி வந்தது 1968-இல். தானாவில் செய்த பெட்டி அது. ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று உரிமக் கட்டணம் கட்டிவிட்டு வருவார். அன்று வானொலி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். தமிழுக்கு நாங்கள் நாடியது இலங்கை வானொலியை. அதன் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பை அடுத்த ஏக்கலையில் நிறுவப்பட்ட சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் 1949-இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1952 முதல் சில ஆண்டுகள் இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாது போகவே, அப்பாடல்களைத் தேடி நாடு முழுவதும் மக்கள் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பினர். 1957-இல் விவித பாரதி வந்த பின்னும் அப்பழக்கம் போகவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்களைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பிள்ளைகள் மான்குர்த்திலும் தாராவியிலும் பலர். அவர்களுள் நாங்களும் உண்டு.

கொழும்புக்கும் எங்கள் கூரைக்கும் இடையே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். நிலத்தை ஒட்டி அத்தனை தொலைவு வர இயலாத சிற்றலை, மேலே எழும்பி, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மின்னேறிய காற்றடுக்கில் பட்டு வளைந்து மீண்டும் மண்ணுக்கு இறங்குகின்றது. அவ்வடுக்கு கதிரவனின் சொற்படி நடப்பது. பகலில் ஏற்ற அலைவரிசை இரவில் ஏலாது; இரவில் ஏற்றது பகலில் எடுபடாது. ஒரே இரவில் ஒரே பாட்டுக்குள் குரல் ஓங்குவதும் தேய்வதும் இதனால்தான். இதனைப் பழுது என்றெண்ணிப் பெட்டியைத் திறந்து குடைந்தவர்கள் எங்கள் சந்தில் பலர் உண்டு. தந்தையார் திறக்கமாட்டார். ‘வானம் மூச்சு விடுது, கொஞ்சம் பொறு’ என்று சொல்லி அமர்ந்திருப்பார்.

ஆனால், பொறுமை மட்டும் அவருடைய கருவியன்று. கூரையின் இரு முனைகளிலும் மூங்கில் நட்டு, செப்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். கம்பியின் இரு முனைகளிலும் பீங்கான் குமிழ்கள். இல்லாவிட்டால் ஈர மூங்கில் வழியே அலை கசிந்துவிடும். முதலில் கம்பியை வடக்குத் தெற்காகக் கட்டிப் பார்த்தார். மனம் நிறையவில்லை. நாள்தோறும் ஒரு மூங்கிலைச் சிறிது நகர்த்தி, இரவில் கேட்டு, கரித்துண்டால் சுவரில் குறித்து, பதினைந்து நாளில் ஒரு திசையைக் கண்டுபிடித்தார். கம்பி கிழக்கு-வடகிழக்கிலிருந்து மேற்கு-தென்மேற்காக ஓடவேண்டும். பின்னாளில் நிலப்படத்தை விரித்துப் பார்த்தோம். கொழும்பு எங்களுக்குத் தெற்கு-தென்கிழக்கே உள்ளது. கம்பி தன் விலாப்புறத்தைக் கொழும்புக்குக் காட்டி நின்றது. கிடையாகக் கட்டிய கம்பி, தன் முனைகளின் திசையிலிருந்து வரும் அலையைவிட விலாவில் வந்து மோதும் அலையையே நன்கு வாங்கும் என்பது பாடநூல் விதி. எழுத்தறியாத ஒருவர் அவ்விதியைச் சுவரில் கரியால் எழுதிவிட்டார்.

மண்ணில் இறக்கும் கம்பிக்கு மட்டும் மான்குர்த் அவருக்குக் கைகொடுத்தது. ‘எர்த்’ நன்றாய் இருக்க ஈர மண் வேண்டும். உப்புக் கலந்த ஈரமாயின் மேலும் நன்று. எங்கள் வாசலில் ஒரு முழம் தோண்டினால் உப்பு நீர்! ஊரெல்லாம் சபித்த அச்சதுப்பு, எங்கள் வானொலிக்கு மட்டும் வரமாயிற்று. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்ப்புக்கு இடம்பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சில, தங்கள் பெட்டி பேசவில்லை என்று தந்தையாரைத் தேடி வந்ததுண்டு. போய்ப் பார்ப்பார், முதலில் கம்பியை, அடுத்து மண்ணை, இறுதியாகவே பெட்டியை. அவ்வரிசை ஒருநாளும் மாறாது.

1988-இல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அன்னையாருடன் ஊருக்குத் திரும்பிவிட்டார். சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே, தாமிரவருணிக் கரையில் உள்ள சிற்றூர் எங்களுடையது. மர்ஃபியைப் பழந்துணியில் சுற்றித் தம்மோடு எடுத்துச் சென்றார். ‘அங்கே எதற்கு அப்பா? திருநெல்வேலி நிலையம் கம்பியே இல்லாமல் கேட்குமே’ என்றோம். பதில் சொல்லவில்லை.

1992-ஆம் ஆண்டு கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் தமக்கையாரின் மகளுக்குத் திருமணம். தாய்மாமன்மார் இருவரும் பம்பாயில். மாமன் சீர் இல்லாமல் மணவறை ஏது? ரயிலில் இடம் கிடைக்கவில்லை. எங்களுள் இளையவனிடம் ஒரு புல்லட் இருந்தது. சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த வண்டி. அதற்கும் தாய்வீட்டுப் பக்கம் போய் வர ஆசை இருக்கும் என்று வேடிக்கை பேசியே மூத்தவனை இசைய வைத்துவிட்டான். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். நான்கு நாளில் போய்விடலாம் என்பது கணக்கு.

வழித்துணைக்கு வானொலி வேண்டும் என்றான் இளையவன். அமெரிக்க நாட்டில் ஹோண்டா கோல்டு விங் போன்ற பெரிய வண்டிகள் எண்பதுகளிலேயே வானொலியும் ஒலிபெருக்கியும் பொருத்தி வந்தன என்று ஏதோ ஓர் ஏட்டில் பார்த்திருந்தான். நமக்கு அது கிட்டாதாகையால், நான்கு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றைத் தோல் உறையோடு பெட்ரோல் தொட்டியின் மேல் வாரால் கட்டினான். லாமிங்டன் சாலையில் வாங்கிய இழுவைக் கம்பி ஒன்றைப் பின்புறச் சுமைதாங்கியில் நட்டு, அதிலிருந்து ஒரு வயரையும் இழுத்து வந்தான். பார்ப்பதற்குப் போர்க்கள வண்டி போல் இருந்தது.

விடியற்காலை கடற்கழிப் பாலத்தைக் கடந்தபோது வானொலியைத் திருப்பினோம். கேட்டது பம்பாய் நிலையம் அன்று. ‘டர்ர்’ என்ற இரைச்சல். வண்டி விரைந்தால் இரைச்சலும் விரைந்தது. மெதுவானால் அதுவும் மெதுவாயிற்று. கம்பியை நீட்டினோம், மடக்கினோம், வயரை மாற்றிச் செருகினோம். போர் காட்டில் ஏறும்போது அதுவும் போயிற்று. இளையவன் சலித்து அதனை அணைத்துவிட்டான்.

அன்று மாலை கோலாப்பூரில் ஒரு பட்டறையில் சங்கிலியை இறுக்கிக்கொள்ள நின்றோம். முதிய மெக்கானிக் ஒருவர் எங்கள் வண்டியின் அலங்காரத்தைப் பார்த்துச் சிரித்தார். குறையைச் சொன்னோம். அவர் முதலில் செய்தது, தந்தையார் செய்திருக்கக்கூடிய அதே செயல்: எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் உடனே நின்றது. சாங்லி நிலையம் தெளிவாய்ப் பேசிற்று. ‘நோய் காற்றில் இல்லை, உங்கள் வண்டிக்குள் இருக்கிறது’ என்றார்.

பிறகு விளக்கினார். ஸ்பார்க் பிளக்கில் ஒவ்வொரு முறை தீப்பொறி பாயும்போதும் அது ஒரு சிறு வானொலி நிலையமாகவே இயங்குகின்றது. எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் இரைகின்றது. பிளக்குக்குச் செல்லும் தடித்த வயர் அதற்கு ஏரியல். காரில் வானொலி வைத்த நாள்முதல் இத்தொல்லை உண்டு. 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென வானொலி செய்து விற்கத் தொடங்கியபோதும் முதலில் மல்லாட வேண்டியிருந்தது இதனோடுதான் என்று பிற்காலத்தில் படித்தோம். மருந்து எளியது. பிளக்கின் மேல் மூடும் தொப்பிக்குள் 5,000 ஓம் அளவில் ஒரு தடை இருந்தால் போதும். பொறியின் வலிமை குறையாது. அதன் கூச்சல் அடங்கும். பழைய பெட்டியொன்றைக் கிளறி அத்தகைய தொப்பி ஒன்றை எடுத்து மாட்டினார். பாயிண்டுகளைத் தேய்த்துத் துடைத்தார். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான எர்த் வயரின் முனையில் துரு, சுரண்டி இறுக்கினார். பின்னால் நட்டிருந்த கம்பியின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு, ‘வண்ணத்தின் மேல் முடுக்கியிருக்கிறீர்கள், இரும்பைத் தொடவே இல்லை’ என்றார். அது மட்டுமன்று. இத்தகைய டிரான்சிஸ்டரில் மத்திய அலையை வாங்குவது வெளிக் கம்பி அன்று. உள்ளே கிடக்கும் கரிய ஃபெரைட் தண்டு. வெளிக் கம்பி சிற்றலைக்கு உரியது. தண்டை இரும்புத் தொட்டியின் மேல் கிடத்தினால் அது எவ்வாறு வேலை செய்யும்? ‘பின்னால் இருப்பவர் மார்போடு அணைத்துக்கொள்ளட்டும்’ என்றார். கூலி வாங்க மறுத்துத் தேநீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் எங்கள் பயணமே வேறாயிற்று. பின்னால் அமர்ந்தவன் மார்பில் துண்டால் கட்டிய பெட்டி. அப்படிக் கட்டினால் தண்டு சாலைக்குக் குறுக்காக அமைகின்றது. ஃபெரைட் தண்டின் இயல்பும் தந்தையாரின் கம்பியை ஒத்ததே. விலாவில் வருவதை வாங்கும், முனையில் வருவதைத் தள்ளும். ஆகவே முன்னே உள்ள நிலையமும் பின்னே விட்டுவந்த நிலையமும் நன்கு கேட்டன. சாலை வளைந்தால் குரல் தேய்ந்தது, நேரானால் மீண்டது. 792-இல் புனே பின்தங்கியது. 765-இல் தார்வாட் எதிர்கொண்டது. ஊர்ப் பலகையைப் பாராமலே, எந்த நாட்டுக்குள் நுழைகின்றோம் என்பதைக் காது சொல்லிற்று. மராட்டி மெல்ல விலகக் கன்னடம் வந்தது. பம்பாயிலிருந்து ஊருக்கு எத்தனையோ முறை ரயிலில் போயிருக்கின்றோம். மொழிகள் இவ்வாறு ஒன்றன் கையிலிருந்து மற்றொன்று வாங்கிக்கொள்வதை அன்றுதான் உணர்ந்தோம்.

இரவு சித்ரதுர்காவில் தங்கினோம். வானம் மூடியிருந்தது, காற்றில் மழை மணம். விடுதியின் பின்கட்டில் ஒரு வேப்பமரமும் அடிகுழாயும். பெட்டியைத் திருப்பிக்கொண்டே வந்தபோது 936-இல் திருச்சி கேட்டது. இரவில் மத்திய அலையும் வானேறும். பகலில் அதனை விழுங்கிவிடும் தாழ்ந்த காற்றடுக்கு கதிரவன் மறைந்ததும் கரைந்துபோவதால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் குரல் எட்டும். இரண்டு நாளுக்குப் பின் கேட்ட தமிழ். மகிழ்ந்து அமர்ந்தோம். செய்தி வாசிக்கப்பட்டது.

மேற்கு மலையில் பெருமழை. பாபநாசம் அணை நிரம்பியது. தாமிரவருணியில் பெருவெள்ளம்.

அதன்பின் கரையோர ஊர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் பெயர் கேட்டது. இரண்டாவது பாதி கேட்டது. அத்தோடு குரல் அமிழ்ந்தது. இரைச்சல் மட்டும் அலையலையாய் வந்தது. மீண்டும் குரல் எழுந்தபோது பெயர்கள் முடிந்துவிட்டன, வேறு செய்தி. எங்கள் ஊரின் பெயர் அந்தப் பள்ளத்தில் விழுந்ததா, அல்லது வாசிக்கப்படவே இல்லையா? அந்த அரை நிமிடத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கின்றது. எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து ஆற்றுக்கு இருபது படிகள்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். ஊரில் தொலைபேசி இருந்தது ஒரே ஒரு வீட்டில். இணைப்புக் கிட்டவில்லை. திரும்பி வந்ததும் இளையவன் பெட்டியை ஓங்கித் தட்டினான். மூத்தவன் அவன் கையைப் பிடித்தான். ‘கம்பி, மண், அப்புறந்தான் பெட்டி’ என்றான். தந்தையாரின் சொல் அவனையறியாமல் அவன் வாயில் வந்தது.

வண்டியின் கருவிப் பையில் நீண்ட வயர்ச் சுருள் ஒன்று இருந்தது. ஒரு முனையில் கல்லைக் கட்டி வேப்பமரத்தின் உச்சிக்கிளைக்கு மேல் எறிந்தோம். நடுப்பகுதியைப் பெட்டியின் மேல், தண்டைச் சுற்றி வருமாறு பத்துச் சுற்றுச் சுற்றினோம். மறுமுனையின் உறையைப் பல்லால் உரித்து அடிகுழாயின் இரும்பில் இறுக்கினோம். நிலத்தடி நீரைத் தொட்டு நிற்கும் குழாயைவிடச் சிறந்த எர்த் ஏது? பெட்டியோடு கம்பியை இணைக்க வேண்டுவதில்லை. சுற்றியிருந்தாலே போதும், அலை தண்டுக்குத் தாவிவிடும். வானத்தின் மூச்சை எக்கம்பியும் நிறுத்தவியலாது. குரல் ஏறி இறங்கவே செய்தது. ஆயினும், முன்பு இரைச்சலுக்குள் மூழ்கிய பள்ளங்கள் இப்போது இரைச்சலுக்கு மேலே தலைகாட்டின. அடுத்த செய்தி அறிக்கை வரும்வரை மழைத்தூறலில் அமர்ந்திருந்தோம்.

வந்தது. பெயர்கள் அனைத்தையும் கேட்டோம். எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஊரின் பெயர் இருந்தது. எங்கள் ஊரின் பெயர் இல்லை. இல்லாதது நன்மையின் அடையாளமா, அல்லது அங்கிருந்து செய்தி கொண்டுவர ஒருவரும் மிஞ்சவில்லை என்பதன் அடையாளமா? தெளிவாகக் கேட்டுவிட்டால் மட்டும் மனம் ஆறிவிடுவதில்லை என்பதை அன்று அறிந்தோம்.

பொழுது விடியுமுன் புறப்பட்டோம். பெங்களூரைக் கடந்து ஓசூர் எல்லையில் நுழைந்தபோது நல்ல மழை. தர்மபுரிக்கு முன் ஓரிடத்தில், அதுவரை அமைதியாய் இருந்த வானொலியில் ‘படக் படக்’ என்ற ஒலி புகுந்தது. எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எனினும் கோலாப்பூர்ப் பெரியவரின் சொல் நினைவில் இருந்ததால் நிறுத்திப் பார்த்தோம். பிளக் தொப்பியின் விளிம்பில் நீர். பொறி வெளியே கசிந்துகொண்டிருந்தது. துடைத்துக் காயவைத்து, சைக்கிள் டியூப் துண்டால் மூடிக் கட்டினோம். இன்னும் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் நடுக்காட்டில் வண்டி நின்றிருக்கும். முதல் நாள் நாங்கள் வெறுத்த அந்த இரைச்சல், மூன்றாம் நாள் நோயை முன்கூட்டிச் சொன்ன மருத்துவனாயிற்று.

சேலம், நாமக்கல், கரூர். திண்டுக்கல்லைத் தாண்டியபின் 1197-இல் திருநெல்வேலி நிலையம் மெல்லிய நூலாகக் கேட்டது. மதுரைக்குத் தெற்கே நூல் கயிறாயிற்று. நிலையம் பேசுகின்றது, ஆகவே ஊர் இருக்கின்றது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அது தருக்க நெறிப்படி செல்லாத வாதம் என்பது தெரியும். மதுரையில் சில மணி நேரம் கண்ணயர்ந்து, நான்காம் நாள் காலை நெல்லையை அடைந்தோம். ஆற்றோரச் சாலையில் பல இடங்களில் சேறும் முறிந்த மரங்களும். வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கடைசி இரண்டு கல் தொலைவை நடந்தே கடந்தோம்.

ஊரின் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அன்னையார் முதலில் கண்ணில் பட்டார்கள். ‘ஐயா, வந்துட்டியளா’ என்றவர்களுக்கு மேலே பேச்சு எழவில்லை. தமக்கையும் மணப்பெண்ணும் நலம். சீர்ப்பாத்திரங்கள் சில ஆற்றோடு போயின. எங்கள் வீட்டின் பின்சுவர் இல்லை. தந்தையார் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மடியில் பழந்துணியில் சுற்றிய மர்ஃபி. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் கேட்டது இதுதான்:

‘என்னல, வழியில பெட்டி எடுத்திச்சா?’

‘எடுத்தது அப்பா’ என்றோம்.

பிற்பகல் வீட்டைப் பார்க்கப் போனோம். விழுந்த சுவருக்கு அப்பால், இரண்டு தென்னைகளுக்கு இடையே ஒரு செப்புக் கம்பி அறுபடாமல் நின்றது. பீங்கான் குமிழ்கள் மான்குர்த்திலிருந்து கொண்டுவந்தவை. கம்பி ஓடிய திசையைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். கிழக்கு-வடகிழக்கிலிருந்து மேற்கு-தென்மேற்கு. அப்படிக் கட்டினால் விலா எங்கே திரும்பும்? ஒருபுறம் தெற்கு-தென்கிழக்கு, மறுபுறம் வடக்கு-வடமேற்கு. வடக்கு-வடமேற்கில் இருப்பது பம்பாய்.

அன்னையார்தாம் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் பம்பாய் நிலையத்தைத் தேடிப் பிடித்து, புரிந்தும் புரியாமலும் மராட்டிச் செய்தியைக் கேட்பாராம். பம்பாயில் மழை என்றால், ரயில் நின்றது என்றால், அன்று உறக்கம் இல்லையாம். மான்குர்த்தில் தமிழ் கேட்டால்தான் உறங்கியவர், தாமிரவருணிக் கரையில் மராட்டி கேட்டால்தான் உறங்கியிருக்கின்றார்! நாங்கள் அவருக்கு மாதம் ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதியதில்லை. அந்த வெள்ள இரவில் நாங்கள் அரை நிமிடம் பட்ட தவிப்பை, அவர் நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் பட்டிருக்கின்றார்.

திருமணம் குறித்த நாளில், அப்பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே நடந்தது. மாமன் சீருக்கு எங்களிடம் எஞ்சியிருந்தது ஒரு பட்டுப் புடவையும் அந்த டிரான்சிஸ்டரும். இரண்டையும் கொடுத்தோம்.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று இளைஞர்கள் கைப்பேசியைத் தலைக்கவசத்தோடு இணைத்துக்கொண்டு பம்பாயிலிருந்து குமரி வரை பாட்டுக் கேட்டபடி செல்கின்றனர். பண்பலை வானொலி பொருத்திய வண்டிகளும் உள்ளன. அவர்களுள் ஒருவர் அண்மையில், மலைப்பாதையில் நிலையம் அறுந்துபோகின்றது, ஏரியலை மாற்றலாமா என்று எங்களிடம் கேட்டார். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் எந்த ஏரியலும் துணை செய்யாது என்றோம். சமவெளியிலும் கேட்கவில்லையானால், முதலில் எஞ்சினை நிறுத்திக் கேளுங்கள். அடுத்துக் கம்பியின் நீளத்தைப் பாருங்கள், பண்பலைக்கு முக்கால் மீட்டர் அளவு பொருந்தும். அதன் அடி வண்ணத்தில் நிற்கின்றதா, இரும்பில் நிற்கின்றதா என்று சுரண்டிப் பாருங்கள். பெட்டியைத் திறப்பது கடைசி என்றோம். அவர் வீட்டுக்குப் போய்ச் சுரண்டிப் பார்த்தாராம். குறை அங்கேதான் இருந்ததாம்.

விடைபெறும்போது அவரிடம் வேறொன்றும் கேட்டோம். ‘தம்பி, ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்களா? கடைசியாக எப்போது பேசினீர்கள்?’ அவர் சற்றே தயங்கினார். தாமிரவருணிக் கரையில் இரண்டு தென்னைகளுக்கு இடையே நின்ற கம்பியின் கதையை அவருக்குச் சொன்னோம். அதையே இம்மலரின் வாசகர்களுக்கும் சொல்லிவிட்டோம்.